மற்றவை மாறாதிருந்தால்

முன்னொரு காலத்தில் நெய்வாசல் நாட்டைத் திருமேனிராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை. அன்றைக்குப் பட்டத்து யானைக்குப் பளிங்கில் நீச்சல் குளம் கட்ட ஆசை வந்துவிட்டது. கஜானாவோ காலி. விடிந்ததும் பொருள்நூல் சபையைக் கூட்டினார்.

வரி, விலை, வியாபாரம் இவற்றை ஆராய்வதுதான் அந்தச் சபைப் பண்டிதர்களின் வேலை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிற கூட்டம் அது.

தலைமைப் பண்டிதர் அம்பலத்தரையர் எழுந்தார். "கோட்டை வாசல் சுங்கத்தை இரட்டிப்பாக்குங்கள், அரசே. மற்றவை மாறாதிருந்தால் வருமானமும் இரட்டிப்பாகும்."

'மற்றவை மாறாதிருந்தால்' என்று சொல்லிவிட்டால் போதும், எந்தக் கணக்கும் அவருக்குச் சரியாக வந்துவிடும்.

சபைக்குப் புதிதாக வந்திருந்த நன்மங்கை என்ற பெண் பண்டிதர், "மாறுமே, ஐயா" என்றாள். "வண்டிக்காரர்கள் ஆற்றங்கரை வழியாக அடுத்த நாட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள்."

தம் மாணவர்கள் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அம்பலத்தரையருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "அடிப்படை விதியே தெரியாதவளுக்கு இங்கே இருக்கை எதற்கு, அரசே? நீக்குங்கள்."

ராஜாவுக்குக் குளத்தின் நினைப்பு. "நீக்கிவிடலாம்" என்றார்.

அந்தச் சபை நீக்கியவரை நாட்டில் எந்தப் பாடசாலையும் சேர்க்காது. ஆண்டுக்கணக்கில் படித்த படிப்பு யானை குளிக்கப் போவதற்காக வீணாவதா? எனக்கே கோபம் வருகிறது.

மந்திரி சொக்கப்பர் நிதானமாக எழுந்தார். "அதற்கு முன் பண்டிதர் தம் மாணவர்களுக்குத் தினமும் நடத்தும் விரிவுரையை நாமும் கேட்போம், அரசே. வழக்கமாக உச்சிவேளையோடு முடிப்பார். இன்று பொழுது சாயும்வரை பேசட்டும். நேரம் இரட்டிப்பு. மற்றவை மாறாதிருந்தால் மாணவர்கள் பெறும் அறிவும் இரட்டிப்பாகும் அல்லவா?"

"அதில் சந்தேகமே இல்லை" என்று அம்பலத்தரையர் மகிழ்ந்துபோய்ப் பேச ஆரம்பித்தார்.

உச்சிவேளை கடந்தது. ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனான். இன்னொருவனுக்கு வயிற்றுவலி. அப்புறம் காரணம் சொல்லாமலே வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். ராஜா சிம்மாசனத்திலேயே தூங்கிவிட்டார்.

பொழுது சாய்ந்தபோது மண்டபம் காலி. "இது செல்லாது" என்று பண்டிதர் போட்ட சத்தத்தில் ராஜா விழித்துக்கொண்டார். "கேட்கிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்களே!"

"மற்றவை மாறாது என்றீரே?" என்றார் மந்திரி.

"பசித்தால் போகமாட்டார்களா? அவர்களுக்குக் கால் இல்லையா?"

"வண்டிமாட்டுக்கு நான்கு கால் இருக்கிறது, பண்டிதரே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "சுங்கம் உயராது. குளமும் வேண்டாம். தலைமை இருக்கையில் நன்மங்கை உட்காரட்டும்" என்றார்.

"அப்படியானால் நான், அரசே?"

"எல்லையில் ஆளில்லாத பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அங்கே எதுவும் மாறாது. நாளை முதல் நீர் அங்கே தலைமைப் பண்டிதர்."