ஆட்டுக்கல்லைப் படம் பிடித்தவர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. இப்போதே கேட்டால் கிடைக்காது. அது கடலுக்கடியில் போயிருக்கிறது. தானாக மேலே வரும்வரை நீங்களும் படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தூத்துக்குடிக் கடலில், கூரை ஓட்டுச் சரக்கோடு மூழ்கிய பழைய தோணி ஒன்று கிடந்தது. நீருக்கடியில் படம் எடுக்கக் கற்றுத்தரும் செலஸ்டின் அங்கேதான் ஆட்களைக் கூட்டிப் போவாள். அன்று வந்திருந்த சீடர் தாமோதரன், மதுரையில் கல்யாணப் போட்டோகிராபர். அவளைவிட இருபது வயது மூத்தவர். இருந்தாலும் அவருக்கு அவள் டீச்சர்.

"ஆயுசு பூரா அடுத்தவங்க கல்யாணத்தையே எடுத்தாச்சு டீச்சர். அந்தத் தோணி வயித்துக்குள்ள ஒரு படம். ஒண்ணே ஒண்ணு. எனக்குன்னு."

"உள்ள கும்மிருட்டுண்ணே. மாட்டிக்கிட்டா பக்கத்துல இருக்கிற ஆள்தான் கதி."

"நீங்க இருக்கீங்கள்ல, எனக்கென்ன."

"சரி. வெளிய மணல்ல ஒரு ஆட்டுக்கல் கிடக்கு. இன்னிக்கு அதை எடுங்க. நாளைக்கு உள்ள போறதா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம்."

தண்ணீரில் விழுந்ததும் இரண்டு பேரும் முகம் பார்த்து, விரலால் சைகை காட்டி, சேர்ந்தே இறங்க வேண்டும். அதைத்தான் அவள் முதல் பாடமாகச் சொல்லியிருந்தாள்.

தாமோதரன் கேமராவை அணைத்தபடி பின்பக்கமாக விழுந்தார். அடுத்து விழ வேண்டியவள் செலஸ்டின். படகு விளிம்பில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. கீழே இறங்கும் கயிற்றைப் பிடித்தார், போய்விட்டார்.

செலஸ்டின் முகமூடியைக் கழற்றினாள். கயிறு கட்டுவதற்காக முன்பே தண்ணீரில் இறங்கியிருந்தான் அவள் கூட்டாளி அமலதாசன். ஆறடி ஆள், அடர்ந்த மீசை.

"தாசு, நீ போ."

"நானா? உன்னைத் தேடுவாரே."

"தேடுனா மேல கூட்டிட்டு வந்துரு."

அவன் முங்கினான். கொஞ்ச நேரத்தில் கடல்மேல் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. செலஸ்டின் அவித்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். குமிழியை விட்டுக் கண்ணெடுக்காமல் உரித்துத் தின்றாள். பொட்டலம் முடிந்தும் யாரும் மேலே வரவில்லை.

ஒருவழியாக வந்தார்கள். தாமோதரன் ஏறிய வேகத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேமராத் திரையில் படங்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தீங்கள்ல டீச்சர்? குழவி போற குழிக்குள்ள ஒரு மீன். மாப்பிள்ளை மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கொஞ்சம் சிரிப்பான்னு நானே சொல்லிட்டேன், வாயில தண்ணி போயிருச்சு."

"நல்லாருக்குண்ணே. நான் எங்க நின்னேன்?"

"வலது பக்கம். நகரவே இல்லையே நீங்க."

"ஏதும் கேட்டேனா?"

"காத்து எவ்வளவு இருக்குன்னு கேட்டீங்க. பாதின்னு காட்டுனேன். மறுபடி கேட்டீங்க, கொஞ்சம் பொறுங்கன்னு காட்டுனேன்."

படகின் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்த அமலதாசனுக்கு இருமல் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் தாமோதரன், "இந்த ஒரு படத்துல மட்டும் உங்க கை குறுக்க வந்துருச்சு. தள்ளி விட்டேன்."

"தெரியலையே. பெருசாக்குங்க."

பெரிதாக்கினார். திரை முழுக்க ஒரு முரட்டுக் கை. விரல்களின் மேலெல்லாம் கருகருவென்று முடி.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். கடலைத் தோலைத் தட்டிக்கொண்டிருந்த செலஸ்டினின் கையைப் பார்த்தார். நனையாத அவள் தலைமுடி காற்றில் பறந்தது. ஏணிப்பக்கம் மெதுவாகத் திரும்பினார். அமலதாசன் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினான், எல்லாம் நலம் என்று.

கேமராத் திரை தானாக அணைந்தது. தாமோதரன் அதை மறுபடி போடவில்லை.

"அப்ப நாளைக்கு..." என்று இழுத்தார். "உள்ள கூட்டிட்டுப் போக மாட்டீங்களா டீச்சர்?"

"அதுக்கென்ன, போகலாம்ணே. யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு மட்டும் நீங்க பாத்துக்கங்க."