ஆறுமுகம் என்ற பெண்

விளக்கணைத்த வீட்டில், மேசை இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எலி கொறிப்பது போலவும் இருந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போலவும் இருந்தது.

அழுதது ஒரு மதிப்பெண். அதன் பெயர் சி.

அந்த வீட்டுப் பெண் கயல்விழி. அமெரிக்காவில் குடியேறிய குடும்பம். பள்ளியில் படித்துக்கொண்டே மாலையில் பக்கத்துக் கல்லூரிக்கும் போய் நான்கு பாடம் முடித்திருந்தாள். அந்த ஊரில் அதற்கு வழி உண்டு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது சொன்னால், அந்தப் பாடங்களை அங்கே மறுபடி படிக்காமல் தப்பலாம். மூன்றில் ஏ. வேதியியலில் மட்டும் சி. அதற்கு வெட்கப்பட்டு, பள்ளிச் சான்றிதழை மட்டும் உறைக்குள் வைத்துவிட்டு, கல்லூரிச் சான்றிதழை இழுப்பறையில் தள்ளி மூடிவிட்டாள்.

"தமிழ் வீட்டுக்கு வந்தது என் தலையெழுத்து. என் பேரைச் சொன்னாலே 'சீ'ன்னு முகத்தைத் திருப்பிக்கறாங்க," என்று விசும்பியது சி. "என்னைக் கிழிச்சுப் போட்டுட்டு நீங்க மூணு பேரும் கிளம்புங்கக்கா."

"நல்லாயிருக்கே!" என்றது மூத்த ஏ. "முத்திரை உன் பக்கத்துலதான் இருக்கு. உன்னைக் கிழிச்சா நாங்களும் வெறும் கடுதாசிதான்டி."

மேசை மேலிருந்த பள்ளிச் சான்றிதழ் உறைக்குள்ளிருந்தே அதட்டியது. "யாரது அங்க?"

"கயலோட கல்லூரிச் சான்றிதழ்," என்றது மூத்த ஏ.

"பொய் சொல்லாதே. உறைக்குள்ள வர்றப்பவே பார்த்தேன், உன் நெத்தியில ஆறுமுகம்னு எழுதியிருக்கு. அது அவ அப்பா பேரு. அவரா வேதியியல் படிச்சார்?"

"படிச்சிருந்தா அவரும் என்னைத்தான் வாங்கியிருப்பார்," என்றது சி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நடந்தது இதுதான். கல்லூரியில் பதியும்போது கயல், வீட்டில் இனிஷியல் போடுகிற வழக்கத்தில், அப்பா பெயரை முன்னால் எழுதிவிட்டாள். முன்னால் இருப்பதே பெயர் என்று எடுத்துக்கொண்டது கல்லூரி.

"பேரு மாறினது ரொம்ப வசதி," என்றது பள்ளிச் சான்றிதழ். "ஆறுமுகம் வாங்கின சி-யை கயல் தலையில யாரு கட்டப்போறா?"

பக்கத்தில் கிடந்த விண்ணப்பத்தாள் படபடத்தது. "அப்படிச் சொல்லாதே. 'வேறு எங்கேயாவது கல்லூரிப் பாடம் படித்தாயா'ன்னு நான் கேட்கிறேன். இல்லைன்னு எழுதி, பின்னால் தெரியவந்தா கிடைச்ச இடமும் போயிடும். பாவம், அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமத்தான் அவ இன்னும் தூங்கலை."

இதைக் கேட்டதும் சி-க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இழுப்பறையே அதிர்ந்தது.

விளக்கு எரிந்தது. கயலின் அம்மா வசந்தி விளக்குமாற்றோடு வந்து நின்றாள். "எலியாடி?"

"தெரியலம்மா." படுக்கையிலிருந்து எழுந்து வந்த கயல் இழுப்பறையை மெல்ல இழுத்தாள். எலி இல்லை. ஒரு தாள்தான்.

"இதை ஏன் இங்க போட்டு வச்சிருக்கே?"

"ஒரு சி இருக்கும்மா."

வசந்தி தாளை விளக்கருகே பிடித்தாள். "ஆறுமுகமா? அடிப்பாவி, உங்கப்பாவையா காலேஜுக்கு அனுப்பினே?"

கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. வசந்தி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதனால இடம் கிடைக்காமப் போயிடுமோன்னு எனக்கும் பயம்தான்டி. ஆனா விண்ணப்பத்துல எழுதிடு. ராத்திரியெல்லாம் இது சத்தம் போட்டா நம்மால தூங்க முடியாது."

கயல் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'அந்த ஆறுமுகம் நான்தான். நான்கு பாடமும் என்னுடையவை.'

பிறகு கல்லூரிச் சான்றிதழை உறைக்குள் விட்டாள். மூன்று ஏக்களும் முதலில் நுழைந்தன. பள்ளிச் சான்றிதழ் முணுமுணுத்தபடி நகர்ந்து இடம் விட்டது. கடைசி வரியில் இருந்த சி வாசலிலேயே தயங்கியது.

"நான் வரலாமா?"

"வாடி உள்ளே," என்றது மூத்த ஏ. "கடைசியா வர்றவதான் கதவைச் சாத்தணும்."

சி உள்ளே வந்தது. திரும்பி நின்று, தன் கையாலேயே தாழ்ப்பாளைப் போட்டது.