தேனு போடாத குழி

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாளாம். பேரு பவுனம்மா. கடலோர ஊரு. சும்மா உக்காந்திருந்தாலே வேர்வை கொட்டும், துணி காயாது, ஜாடியில உப்புகூட கசிஞ்சு கெடக்கும். ம் கொட்டுடா, இல்லன்னா எழுந்து போயிடுவேன்.

அவளுக்கு ஒரே மக, தேனு. ஏழு வயசு. ஆடி பொறந்துச்சு, அவரை போடணும். அந்த ஊர்ல மொத விதைய சின்னப் புள்ள கையாலதான் போடுவாங்க. புள்ள கை பட்டா பொங்கி வருமாம். "நான் போடுறேம்மா, நான்!"னு தேனு குதிக்குறா. பவுனம்மாவுக்கோ தலைக்கு மேல வேலை. விதை டப்பாவ எறக்கி, நாலு விதைய எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டா. புள்ள குழியில போட்டு, மண்ணத் தட்டி, ஒரு செம்புத் தண்ணிய 'சளக்'னு ஊத்துச்சு.

அப்புறம் ஒரு வாரம் ஆச்சு. முளைக்கல.

"இப்பிடியா தண்ணி ஊத்துவ? அழுகிப்போச்சு பாரு"ன்னா அம்மா.

அப்போ ரெண்டாவது தடவை. தேனு ஓட்டைக் கொட்டாங்குச்சியில 'சொட்டு சொட்டு'னு ஊத்துனா. அதுவும் முளைக்கல.

"ஆழமாப் பொதைச்சிருப்ப, சனியனே!"

அப்புறம் மூணாவது தடவை. தேனு விரல்ல ஒரு கணு அளந்து போட்டா. தெனம் பல்லுகூட விளக்காம போயி குழிகிட்ட குந்திக்குவா. ஊஹூம். மண்ணு மண்ணாவே கெடந்துச்சு.

ஆடி முடியப் போகுது. பவுனம்மாவுக்கு வந்துச்சே கோவம்! தெருவே கேக்குற மாதிரி கத்துனா. "ஒனக்குக் கைராசியே இல்லடி! நீ தொட்டா எது வெளங்கும்? இனிமே விதையத் தொடாத!"

புள்ள அழல. ரெண்டு கையையும் பாவாடையில தொடைச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு.

அப்புறம் பவுனம்மா தானே போடலாம்னு மிச்ச விதையத் தண்ணியில கொட்டுனா. நல்ல விதைன்னா முங்கணும்ல? 'டுபுக் டுபுக்'னு அத்தனையும் மேல வந்து மெதக்குது! ஒண்ணப் பிளந்து பார்த்தா உள்ள பூசணம். அப்பத்தான் உறைச்சுது. போன வருஷம் விதை எடுத்தப்போ, மழை வருதுன்னு ஈரம் காயறதுக்குள்ள டப்பாவுல போட்டு மூடுனது யாரு? அவதானே! அடிப்பாவி, மொத நாளே தண்ணியில போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

'குடுகுடு'ன்னு ஓடி, அடுத்த வீட்ல நல்ல விதை வாங்கியாந்தா. "தப்பு என்னோடதுடி தங்கம். விதைதான் சொத்தை. வா, நீ போடு."

தேனு கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. "வேணாம்மா. நீயே போடு. இதாவது முளைக்கட்டும்."

அம்மாவே போட்டா. அஞ்சாம் நாளே முளைச்சுது. போச்சா! அம்மா கை பட்டதும் வந்துடுச்சேன்னு புள்ளைக்கு இன்னும் உறுதியாயிடுச்சு.

தை மாசம் பந்தல் கொள்ளாத காய். தெருப் புள்ளைங்கல்லாம் 'படக் படக்'னு பறிக்குதுங்க. தேனு மட்டும் தள்ளி நிக்கிறா.

"பறிடி கண்ணு."

"நான் தொட்டா கொடி பட்டுப்போயிடும்மா."

நெல்லக் கொட்டுனா அள்ளலாம், சொல்லக் கொட்டுனா அள்ள முடியுமா?

அதுலேருந்து ஒவ்வொரு ஆடிக்கும் பவுனம்மா வரிசைக் கடைசியில தேனுவுக்குன்னு ஒரு குழி கூடுதலா வெட்டுவா. பக்கத்துல நாலு விதைய வெச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம வந்துடுவா. சாயங்காலம் போயிப் பார்ப்பா. விதை வெச்ச எடத்துலயே இருக்கும்.

கதையும் ஆச்சு, கொடியும் காஞ்சுது. எங்க, ஒன் கையக் குடு. பிடிச்சுக்கிறேன். தூங்கு.