வேட்டித் திரையில் ஓர் இளவரசி

தாமரைக் குளத்தில் வருஷா வருஷம் ஒரே நிழல் கூத்துதான். காற்றில் பறந்து வந்த பழைய வேட்டி ஒன்றை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டுவார்கள். அதன் பின்னால் சாயங்கால வெயில். வெயிலுக்கும் வேட்டிக்கும் நடுவே பறவைகள் ஆடும். முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு நிழல் தெரியும்.

கூத்தை நடத்துபவர் கொக்கு வெள்ளியப்பர். கதையும் மாறாது, வேஷமும் மாறாது. இளவரசி என்றால் கொக்கு. மீன் திருடி உதை வாங்குவது என்றால் காக்கை.

இந்த வருஷம் காக்கைக் குஞ்சு குண்டுமணி சுண்ணாம்பில் புரண்டு எழுந்து வந்து நின்றாள். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது.

"என்னடி இது கோலம்?" என்று பதறினாள் அம்மா மையம்மா.

"இப்ப நான் இளவரசியா ஆடலாமாம்மா?"

மையம்மா மகளைக் குளத்தில் முக்கி எடுத்துக்கொண்டு நேராகக் கொக்கிடம் போனாள்.

"அண்ணே, இந்தத் தடவை என் மக இளவரசியா ஆடட்டும். வசனமெல்லாம் மனப்பாடம்!"

"கோவிச்சுக்காதேம்மா. இளவரசி வெள்ளையா இருந்தாத்தானே பார்க்கிறவங்க நம்புவாங்க? எங்கப்பா காலத்திலேருந்து அப்படித்தான்."

"நீங்க எப்பவாவது முன்னாடி உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

"நான் முன்னாடி போயிட்டா, பின்னாடி நின்னு கதையைக் கத்துறது யாரு?"

"இன்னிக்கு ஒத்திகைதானே! நான் கத்துறேன். போய் உட்காருங்க!"

முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

"பால்போல் வெளுத்த இளவரசி வருகிறாள்!" என்று மையம்மா கத்தினாள். வேட்டியில் அடுப்புக்கரியாக ஒரு நிழல் நடந்து வந்தது.

"நிறுத்து! எந்தக் கருப்பி அது?" என்று வெள்ளியப்பர் அலறினார்.

"நான்தான்ப்பா!" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். வருஷா வருஷம் இளவரசியாக ஆடும் அவர் மகள் முத்தழகி!

பக்கத்தில் இருந்த ஆமை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அட, ஆமாய்யா! நீ பால்னு கத்துவே, நானும் பால்னே நினைச்சுப்பேன். கண்ணு எதுக்கு இருக்கோ எனக்கு!"

வெள்ளியப்பர் பாவம், கெட்டவர் இல்லை. அப்பா கத்தியதையே தானும் கத்தினார். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

குண்டுமணியை அருகில் அழைத்தார். "கண்ணு ஏம்மா இப்படிச் சிவந்திருக்கு?"

"வெள்ளையாகணும்னு சுண்ணாம்பு பூசினேன், மாமா."

அவர் நீண்ட கழுத்து தாழ்ந்துவிட்டது. "நாளைக்கு நீதான் இளவரசி."

"அப்போ மீன் திருடறது யாரு?"

"நானே ஆடறேன். தினமும் இந்தக் குளத்து மீனைத் திங்கிறது நான்தானே!"

மறுநாள் கூத்தில் இளவரசி வந்தாள். திருட்டுக் காக்கை வரும்போதெல்லாம் இறக்கைக்குள் தலையை ஒளித்துக்கொள்ளும் காக்கைக் குஞ்சுகள், கடைசிக் கிளையில் எம்பிக் குதித்தன.

"டேய், அந்த மூக்கைப் பாரு! நம்ம மூக்குடா!"

கதையில் தன் முகத்தைக் காணாத குழந்தை தன் முகத்தையே அழித்துக்கொள்ளப் பார்க்கும். ஆகவே கதை சொல்கிறவர்கள் ஒருமுறையாவது திரைக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும்.