மூண்டாவது படலை

கையை வெளியில விடாத நிது, ஹீட்டர் நிண்டுபோச்சு. இண்டைக்கு இந்தக் கதையை முடிக்கோணும். முந்தநாள் ரெண்டாவது படலையோட நித்திரையாப் போனாய். நேற்று முதலாவது படலையிலயே குறட்டை விட்டாய். எனக்கும் அது வசதியாத்தான் இருந்தது. ஆனா நாளைக்குக் காலமை அந்த ஒஃபிசில உன்னைத் தனிய ஒரு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய்க் கேள்வி கேப்பினம். அதுக்கு முதல் நீ கதையைக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கோணும். ம் சொல்லு. சொல்லாட்டி நிப்பாட்டிப்போடுவன்.

"ம்."

ஒரு ஊரில ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்காவுக்கு வாய் நீளம், தங்கச்சிக்குக் கால் நீளம். அக்கா வாயைத் திறந்தா தங்கச்சி ஓடித் தப்பிடுவா. ரெண்டு பேரும் கலியாணம் கட்டின பிறகும் ஒரே வளவுக்குள்ளதான் இருந்தவை. அக்காவுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. குவா குவா எண்டு ஒரே கத்தல். அது ஆரின்ர மடியில கிடந்து கத்தினாலும் அந்த வீட்டில ஆரும் வித்தியாசம் பாக்கிறேல்ல.

அப்ப சண்டை வந்திட்டுது. உய்ய்ங் எண்டு வரும், டமார் எண்டு விழும். சனமெல்லாம் ஓடிச்சுது. ஓடி, இருந்து, பேந்து எழும்பி ஓடி, கடைசியாக் கடற்கரை மணலில பங்கர் வெட்டிக்கொண்டு இருந்தவை. ஒருநாள் அக்கா பிள்ளையைத் தங்கச்சியின்ர கையில குடுத்திட்டுக் கஞ்சி வரிசையில நிக்கப் போனா. உய்ய்ங், டமார். அக்கா வரேல்ல. அத்தான் தேடிப் போனார். அவரும் வரேல்ல.

"ஏன் வரேல்ல?"

செத்துப்போச்சினம், குஞ்சு. ராசா கதையிலயும் ஆக்கள் சாகினந்தானே. நீ ம் சொல்லு.

"ம்."

பேந்து தங்கச்சியும் மனுசனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து முதலாவது படலைக்கு வந்தவை. அது முகாம் வாசலில கிடந்த முள்ளுக்கம்பிப் படலை. அதில ஒராள் மேசை போட்டுப் பேர் எழுதிக்கொண்டு இருந்தார். பக்கத்தில பால்மா டின் அடுக்கிக் கிடந்தது. தாய் இருக்கிற பிள்ளைக்கு ஒரு டின். தாய் இல்லாத பிள்ளையளை வேற வரிசையில விட்டு, வேற பஸ்ஸில ஏத்தினவை. அந்த பஸ் எங்க போகுதெண்டு ஆருக்கும் தெரியாது. மேசைக்காரர் தலையை நிமித்தாமல் கேட்டார், இது ஆரின்ர பிள்ளை எண்டு.

"என்ர பிள்ளை," எண்டு சொன்னா தங்கச்சி.

அது பொய்யில்லை, விளங்குதோ? எங்கட ஆக்களுக்குள்ள அக்காவின்ர பிள்ளை தன்ர பிள்ளைதான். தாய் இல்லாட்டிச் சின்னம்மா தாய். அதுக்கு எங்கட ஊரில ஒருத்தரும் கடுதாசி எழுதுறேல்ல. ஆனா அந்த மேசைக்காரர் எழுதினார். டக்கெண்டு சீலும் குத்தினார். பால்மாவும் கிடைச்சுது. பிள்ளை சளக் சளக் எண்டு குடிச்சிட்டு நித்திரையாப் போச்சு. பிறகு எழுதின எல்லாக் கடுதாசியும் அந்த ஒரு கடுதாசியைப் பாத்து எழுதினதுதான்.

ரெண்டாவது படலை கடல். அதுக்குக் காவல், காசுக்கு ஆக்களைக் களவாப் படகில ஏத்திற ஒரு ஏஜென்சிக்காரன், தொந்தியும் டோர்ச் லைற்றுமா. பிள்ளை அழும், அழுதா எல்லாரும் பிடிபடுவம், ஆரிட்டையும் குடுத்திட்டு வா எண்டான். தாயும் பிள்ளையும் எண்டாலும் வாயும் வயிறும் வேற, நீ உன்ர உசிரைப் பார் எண்டு புத்தி வேற சொன்னான். பிள்ளையை விட்டா நானும் வரேல்ல எண்டா தங்கச்சி. அவன் ஊத்தைத் தூசணத்தால பேசிப்போட்டு ஏத்தினான்.

படகு சளப் சளப் எண்டு போகுது, போகுது, முடியிறதாக் காணேல்ல. தண்ணி போத்தல் மூடியாலதான் அளந்து குடிச்சவை. தங்கச்சியின்ர மனுசன் சத்தி எடுத்து எடுத்து எழும்பேலாமல் கிடந்தார். ஒரு பொம்பிளை, பிள்ளை அழுகுதெண்டு அதின்ர வாயையும் மூக்கையும் சேத்துப் பொத்தினா. தங்கச்சி அவவின்ர கையைக் கடிச்சா. நல்லாக் கடிச்சா. அதுக்கு இண்டு வரைக்கும் தங்கச்சிக்குக் கவலை இல்லை. நித்திரையோ?

"இல்லை. ம்."

மூண்டாவது படலை குளிர் தேசத்தில. அதைப் பாத்தாப் படலை மாதிரியே இராது. கண்ணாடிக் கதவு, கிட்டப் போனா விர்ர்ர் எண்டு தானாத் திறக்கும். உள்ள ஒரு மேசைக்காரி. நல்ல மனுசி, பிள்ளைக்குச் சொக்கிலேற் குடுப்பா. ஆனா இஞ்ச எண்டைக்கும் இருக்கலாம் எண்ட கடுதாசியை மட்டும் குடுக்க மாட்டா. அடுத்த வருசம் பாப்பம் எண்டுவா. அப்பிடியே ஆறு வருசம் போச்சு. பேந்து ஒருநாள் அவவும், இது ஆரின்ர பிள்ளை எண்டு, அதே கேள்வியைக் கேட்டா. தங்கச்சியும் அதே பதிலைத்தான் சொன்னா. முதலாவது படலையைத் திறந்த பதில் எல்லோ, இதையும் திறக்கும் எண்டு நினைச்சா. மேசைக்காரி சிரிச்சுக்கொண்டு ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்துப் பிள்ளையின்ர வாய்க்குள்ள தேச்சா. பேந்து தங்கச்சியின்ர வாய்க்குள்ள.

"எனக்கும் தேச்சவை. கூசினது."

ஓம். உனக்கும் தேச்சவை.

மூண்டு மாசத்தால கடிதம் வந்தது. இந்தப் பொம்பிளை இந்தப் பிள்ளையைப் பெறேல்லையாம். முதல் கடுதாசியில இருந்தே பொய்யாம். அதால குடும்பத்தில எல்லாரின்ர கடுதாசியையும் நிப்பாட்டி வைச்சிருக்காம். பிள்ளையை வேற வீட்டில விடுவமோ எண்டும் யோசிக்கினமாம். லோயரிட்ட ஓடிப் போனவை. அவர் தலையில கை வைச்சிட்டார். ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல எண்டு கேட்டார். என்னத்தைச் சொல்லுறது? எத்தினையோ தரம் சொல்ல வாயெடுத்தவ, அப்பவெல்லாம் பிள்ளை பக்கத்தில நிண்டு சட்டையைப் பிடிச்சுக்கொண்டிருந்தது. அதின்ர முகத்துக்கு முன்னால அவவுக்குச் சொல்ல ஏலேல்ல. அதுதான் அவ செய்த பிழை.

லோயர் சொன்னார், உண்மையைச் சொல்லிச் சின்னம்மாவாப் பதிஞ்சா வழி இருக்கு, ஆனா பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கோணும் எண்டு. தனியக் கேக்கேக்க பிள்ளை முழிச்சா, ஏமாத்தி வைச்சிருக்கினம் எண்டு எழுதிப்போடுவினமாம். நிது?

"அந்தப் பிள்ளை நானோ?"

ஓம்.

"நீங்கள் தங்கச்சியோ?"

ஓம். அப்பா உனக்குச் சித்தப்பா. உன்னைப் பெத்தவவின்ர பேர் தவமலர். சொல்லு பாப்பம்.

"தவமலர்."

இனி வடிவாக் கேள். அந்த அறைக்குள்ள என்னை விட மாட்டினம். வெளியில கதிரையில இருப்பன். மொழிபெயர்க்கிற அக்கா ஒராள் உன்னோட இருப்பா, தமிழிலயே சொல்லு. வெளியில இருக்கிறது ஆர் எண்டு கட்டாயம் கேப்பினம். அம்மா எண்டு மட்டும் வாயில வரப்பிடாது. வந்தா, உனக்கு ஒண்டும் சொல்லேல்ல எண்டு நினைச்சுப்போடுவினம். பேந்து பஸ்ஸில வரேக்க நீ எப்பிடி வேணுமெண்டாலும் கூப்பிடு. அழாத. நான் அழுறனே? பொய், நானும் அழுறன், அதை விடு.

இப்ப நான்தான் மேசைக்காரி. கேக்கிறன். வெளியில இருக்கிறது ஆர்?

"அம்மா."

இல்லை நிது. திருப்பிக் கேக்கிறன். வெளியில கதிரையில இருக்கிறது ஆர்?

என்னைப் பாக்காத. சுவரைப் பாத்துச் சொல்லு. ஆர்?

"சின்னம்மா."

ஓம். கொஞ்சம் உரத்துச் சொல்லோணும், மெல்லச் சொன்னா அவைக்குக் கேக்காது. இன்னொருக்கா.

"சின்னம்மா."

கெட்டிக்காரி. கதை அவ்வளவுதான், இனி மிச்சம் இல்லை. கிட்ட வா, கண்ணை மூடு.