47-ம் டோக்கன் பூட்ஸ்

ஊசிப்பாறை முருகன் கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்த மூன்று பேரையும் முட்டாள்கள் என்று யாரும் சொன்னதில்லை. செருப்பைத் தொலைத்தவர்களிடம் அதைவிடக் கடுமையான வார்த்தைகள் இருந்தன.

மூவரில் மூத்தவர் பூவலிங்கம். யோசிக்கும் வேலை அவருடையது. டோக்கன் கிழித்துக் கொடுப்பவன் கொம்பையா. தனக்குச் சட்டம் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. எடுத்து வைக்கிற வேலை மாசானத்துக்கு.

அன்று மாசத்தின் கடைசி நாள். இந்த மாசம் புகார்ப் புத்தகத்தில் ஒரே ஒரு புகார் ஏறினாலும் ஸ்டாண்டைக் காலி செய்ய வேண்டும் என்று கோயில் நிர்வாக அதிகாரி குற்றாலநாதன் முதல் தேதியே சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், ஸ்டாண்டு மேஜையில் ஒரு புதுப் புத்தகத்தை வைத்து, பக்கத்தில் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இருபத்தொன்பது நாளில் புத்தகத்தில் ஒரு வரி ஏறவில்லை. பேனாவில் மை இல்லை என்பதை அதிகாரி கவனிக்கவில்லை. பூவலிங்கமும் கவனிக்கவில்லை, எல்லாம் தன் நேர்மைக்குக் கிடைத்த பலன் என்று இருந்தார்.

அப்போதுதான் நித்திலன் வந்தான். மணாலியில் பனிச்சறுக்குச் சொல்லிக் கொடுப்பவன். பலகையில் நின்றுகொண்டு பனிமலையில் வழுக்கி இறங்க வேண்டும், அதுதான் தொழில். போன வருஷம் அப்படி இறங்கியதில் கால் முறிந்தது. கால் கூடினால் மகன் அங்கப்பிரதட்சணம் செய்வான் என்று அவன் அம்மா இங்கே வேண்டிக்கொண்டுவிட்டாள். உருண்டு முடித்துவிட்டு மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். லாட்ஜில் எலி இருந்ததால், பலகையில் பூட்டி நிற்கிற பூட்ஸை மட்டும் கையோடு கொண்டு வந்திருந்தான். ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம்.

அவற்றை எப்படிக் காப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பனியில் மிதிக்க மட்டுமே செய்தது, சிமெண்டுத் தரை பட்டால் அடி தேய்ந்துவிடும். வெயில் பட்டால் ஒட்டு விட்டுவிடும். ஈரம் ஆகவே ஆகாது. தூசியும் ஆகாது. உள்ளே மெத்தை மாதிரி இன்னொரு பூட்ஸ் இருக்கும், அதை வெளியே எடுத்துக் காற்றாட வைத்தால் நல்லது. எடுத்த இடத்தில் காகிதம் திணித்தால் வடிவம் கெடாது. அச்சடித்த காகிதம் மட்டும் வேண்டாம், மை ஒட்டும். மூன்று மணி நேரத்துக்கு விட்டுப் போகிற பூட்ஸுக்கு இவ்வளவு சொல்பவன் தங்களில் ஒருவனாகவே மாசானத்துக்குத் தோன்றியது.

நாற்பத்தேழாம் டோக்கனை வாங்கிக்கொண்டு அவன் உள்ளே போனான்.

"பனியில மிதிக்கிற சாமானை எங்கலே வைக்க?" என்று கேட்டார் பூவலிங்கம்.

மாசானம் பக்கத்து சர்பத் கடையிலிருந்து ஒரு பாளம் ஐஸைச் சுமந்து வந்து, அதன் மேல் பூட்ஸை நிறுத்தினான். பத்து நிமிஷத்தில் அடியெல்லாம் தண்ணீர்.

"ஈரம் ஆகாதுன்னாரே, அண்ணாச்சி," என்றான் மாசானம்.

"பனி வேற, ஈரம் வேற," என்றான் கொம்பையா. "உருகினாத்தான் ஈரம். உருகறதுக்கு முன்னாடி எடுத்திருந்தா அது பனிதான்."

பூட்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி யோசித்தார்கள். தரையில் கால் தேயாமல் இருக்க மனிதன் என்ன செய்கிறான்? செருப்புப் போடுகிறான். பூட்ஸுக்கும் அதேதான் என்று பூவலிங்கம் கண்டுபிடித்தார். அவ்வளவு பெரிய பூட்ஸுக்கு ஏற்ற செருப்பு ஸ்டாண்டிலேயே ஒரு ஜோடிதான் இருந்தது. முதல் தட்டில், தனியாக, டோக்கன் இல்லாமல் இருக்கும் அதிகாரியின் தோல் செருப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார், அதுவரை சும்மாதானே கிடக்கிறது. பூக்கடையில் வாழைநார் வாங்கி, பூட்ஸுக்கு அடியில் அந்தச் செருப்பை இறுக்கிக் கட்டினார்கள்.

அடுத்து உள்பூட்ஸை உருவினான் மாசானம். பூட்ஸுக்குள்ளிருந்து பூட்ஸ் வந்ததைப் பார்த்துக் கொம்பையாவின் முகம் மாறிவிட்டது.

"ஒரு டோக்கனுக்கு ஒரு ஜோடி. இங்க ரெண்டு ஜோடி நிக்குது."

"அது இதுக்குள்ளதானலே இருந்திச்சு."

"உள்ள இருக்கிறவரைக்கும் ஒண்ணு. வெளிய வந்தா அது தனி உருப்படி, அண்ணாச்சி. நாளைக்கு யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

அவன் நாற்பத்தெட்டாம் டோக்கனைக் கிழித்தான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், உள்பூட்ஸுக்குள்ளேயே போட்டு நிழலில் வைத்தான்.

இனி காகிதம். செய்தித்தாளில் அச்சு, டோக்கன் கட்டில் அச்சு, காலண்டரில் சாமி படம். ஸ்டாண்டு முழுவதும் தேடியதில், மை படாத வெள்ளைக் காகிதம் ஒரே இடத்தில்தான் இருந்தது. பூவலிங்கம் அந்தப் புத்தகத்தை ஒருமுறை பயபக்தியோடு புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாள் மிச்சம் வைக்காமல் கிழித்துக் கொடுத்தார். அட்டை மட்டும் ஏன் தனியாகக் கிடக்க வேண்டும் என்று மாசானம் அதையும் திணித்தான். தூசி படாமல் இருக்கக் கோணியில் போட்டு வாயைத் தைத்தார்கள். பேனா மட்டும் மேஜையோரத்தில் நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

நித்திலன் உருண்ட தலைசுற்றலோடு ஓடி வந்தான். ரயிலுக்குப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. கோணியை வாங்கித் தூக்கியவன், என்ன இவ்வளவு கனம் என்றான்.

"பத்திரமா இருக்கிற சாமான் கனமாத்தான் சார் இருக்கும்," என்றார் பூவலிங்கம்.

கொம்பையா மட்டும் நியாயம் தவறவில்லை. "சார், உங்ககிட்ட நாற்பத்தெட்டு இருக்கா?"

"இல்லையே. எனக்கு நாற்பத்தேழுதான்."

"அப்ப சரி."

ஆட்டோ புறப்பட்டது. புகார் இல்லாமல் மாசம் முடிந்த நிம்மதியில் பூவலிங்கம் ஒரு சர்பத் வாங்கிக் குடித்தார். பாதி குடிப்பதற்குள் அதிகாரி வெளியே வந்தார்.

செருப்பு எங்கே என்று கேட்டார். மணாலிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று மாசானம் உள்ளதைச் சொன்னான். அதிகாரி குனிந்து எல்லாத் தட்டையும் தேடிப் பார்த்தார். பிறகு, புகார்ப் புத்தகத்தை எடு என்றார்.

பூவலிங்கத்துக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "அதுவும் அதே ரயில்லதான் போகுது சார்."

குற்றாலநாதன் விதிமுறைப்படி நடப்பவர். பேனாவைக் கையில் எடுத்துப் பார்த்தார், எழுத இடமில்லை. புத்தகத்தில் ஏறாத புகார் புகார் ஆகாது என்று போன வருஷம் இருநூறு பக்தர்களைத் திருப்பி அனுப்பியவரே அவர்தான். ஆகவே, இந்த மாசம் புகார் எதுவும் இல்லை, ஸ்டாண்டு தொடரலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறிவித்தார்.

வீட்டுக்குப் போக வேண்டுமே. நிழலில் இருந்த மெத்தைப் பூட்ஸ் கண்ணில் பட, அதற்குள் காலை விட்டார். ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால் நாற்பத்தெட்டாம் டோக்கன்.

"டோக்கன் சார் கையிலதான் இருக்கு," என்றான் கொம்பையா. "கொடுத்துத்தான் ஆகணும்."

அதிகாரி முதல் அடி எடுத்து வைக்கும்போது பூவலிங்கம் குறுக்கே வந்து கைகூப்பினார். சிமெண்டுத் தரையில் மிதித்தால் தேய்ந்துவிடும், இது பனிக்கு மட்டும்தான் என்றார். அதிகாரி யோசித்தார். தேய்ந்தால் அடுத்த மாசம் புகார் வரும். வந்தால் விசாரிக்க வேண்டியவர் அவர்தான்.

மாசானம் இரண்டு பாளம் ஐஸ் கொண்டு வந்தான். அதிகாரி ஒன்றின் மேல் நின்றதும் மற்றதை முன்னால் வைப்பான்; அவர் அதில் ஏறியதும் பின்னால் இருப்பதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவான். ஆளுக்கொரு பக்கம் பூவலிங்கமும் கொம்பையாவும் தாங்கிப் பிடித்தார்கள். "உருகறதுக்கு முன்னாடி காலை எடுத்திடணும் சார்," என்று கொம்பையா நினைவுபடுத்திக்கொண்டே வந்தான். உச்சி வெயிலில் தபாலாபீஸ் திருப்பம் வரை வந்துவிட்டார்கள்.

அங்கே டீக்கடைக்காரர், அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தால் என்ன சார் என்று கேட்டார்.

குற்றாலநாதன் நின்றார். அவர் முகம் தெளிந்தது. "சரிதான்," என்றார். "கழற்றி வைக்க வேண்டியதுதான். அதுக்குத்தானே ஸ்டாண்டு இருக்கு."

நான்கு பேரும் ஐஸ் மேல் மெதுவாகக் கோயிலுக்குத் திரும்பினார்கள்.