மூன்றாவது கோழி

நிலம் கேட்டு வந்தவனை "போ" என்று வாயால் சொல்லக் கூடாது. டோகோ நாட்டின் வடகோடியில், கம்பும் சோளமும் விதைத்துப் பிழைக்கும் அந்தச் சிற்றூரில் அதுதான் வழக்கம். சொல்லத்தான் கூடாது, நினைக்கலாம். ஊரே நினைத்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் சொல்லும் வேலையை நிலத்திடம் விட்டிருந்தார்கள்.

நிலத்திடம் கேட்பவர் லாரே. விதைப்பைத் தொடங்கி வைப்பதும், எல்லைத் தகராறு தீர்ப்பதும், செத்துப்போன முன்னோரோடு பேசுவதும் அவர் பொறுப்பு. கொலானி அவருடைய சீடன். ஆனால் வயதில் சீடன்தான் மூத்தவன். அதனால் குரு சீடனை "அண்ணே" என்பார், சீடன் குருவை "ஐயா" என்பான். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு இல்லை.

கொலானியின் குழப்பம் வேறு. அது இட்ரிசா வந்த ஆண்டில் தொடங்கியது.

வடக்கே மழை பொய்த்துப் போய், கர்ப்பிணி மனைவியோடு நடந்து வந்தவன் இட்ரிசா. ஒரு துண்டு நிலம் கேட்டான். வழக்கப்படி, கேட்பவன்தான் கோழி கொண்டுவர வேண்டும். அவன் வேறு முறையில் தொழுகிறவன், அங்கே அறுக்கும் கோழியின் கறியைத் தொடமாட்டான். ஆனாலும் எங்கோ மூன்று கோழி வாங்கி, காலைக் கட்டி, புளியமரத்தடிப் பலிக்கல்லின் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவனிடம் பறக்க மிச்சமிருந்தது ஒன்றிரண்டுதான்.

அறுத்த கோழி துடித்து அடங்கும்போது மல்லாந்து கிடந்தால் நிலம் சம்மதித்தது என்று பொருள். கவிழ்ந்து கிடந்தால் மறுத்தது என்று பொருள். மூன்று கோழிகள் வரை கேட்கலாம்.

முதல் கோழி கவிழ்ந்தது. இரண்டாவதும் கவிழ்ந்தது. ஊர்க்காரர்கள் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. போன அறுவடையில் எந்த வீட்டுக் குதிரும் பாதிகூட நிறையவில்லை.

மூன்றாவது கோழியை அறுக்குமுன் லாரே கல்லின்மேல் குனிந்து, யாருக்கும் கேட்காமல் ஏதோ முணுமுணுத்தார். பிறகு அறுத்தார். கோழி புழுதியைக் கிளப்பிக்கொண்டு உருண்டு, கல்லுக்கு ஊற்றும் மாவுத்தண்ணீர்க் குடுக்கையோடு நின்ற கொலானியின் காலடியில் வந்து அடங்கியது. அதுவும் கவிழ்ந்துதான் கிடந்தது.

கொலானி நிமிர்ந்து பார்த்தான். மரத்துக்கு அப்பால் இட்ரிசாவின் மனைவி, இறக்கி வைத்த மூட்டையைத் திரும்பவும் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. அவன் கால் கட்டைவிரல் கோழியைப் புரட்டிவிட்டது.

புழுதி அடங்கியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நிலம் ஏத்துக்கிச்சு" என்றார் லாரே.

அன்றோடு கொலானிக்கு நிம்மதி போயிற்று. நிலத்தை ஏமாற்றினால் ஊரே அழியும் என்று கேட்டு வளர்ந்தவன் அவன். உண்மையைச் சொன்னால் இட்ரிசா குடும்பம் நடுவழியில் நிற்கும். சொல்லாவிட்டால் ஊருக்குக் கேடு. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தான்.

ஆடு ஒன்று செத்தது. தன் கட்டைவிரல்தான் காரணம் என்று நினைத்தான். மனைவிக்குப் பல்வலி வந்தது. அதற்கும் கட்டைவிரல்தான். ஆனால் மழை மட்டும் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு பெய்தது. சோளம் நன்றாகக் கதிர் பிடித்தது. இட்ரிசாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஏதாவது குறை இருக்குமோ என்று பயந்து, கொலானி ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கெட்டது நடந்திருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். நல்லது நடந்ததுதான் புரியவில்லை. நிலத்துக்குக் கண் இல்லையா? கண்டும் காணாமல் இருக்கிறதா? அப்படியானால் இத்தனை காலம் அறுத்த கோழியெல்லாம் வெறும் கோழிதானா? யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள். அவற்றோடு களை பறித்தான், அவற்றோடு சாப்பிட்டான்.

அறுவடை முடிந்து, இட்ரிசாவின் தானியமும் குதிருக்குள் போன பிறகு, கொலானி லாரேயின் எதிரில் போய் உட்கார்ந்தான். அவர் காராமணி உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னான். தண்டனை எதுவானாலும் தனக்கே இருக்கட்டும், கைக்குழந்தை உள்ள வீட்டைக் கலைக்க வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

லாரே உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் பார்த்தேன் அண்ணே."



"பார்த்துட்டுமா நிலம் ஏத்துக்கிச்சுன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப நீங்களும் பொய்தானே சொன்னீங்க?"

"இல்லையே."

"கோழி கவுந்துதான் கிடந்துச்சு, ஐயா. நிலம் வேண்டாம்னுதானே சொல்லுச்சு?"

"முதல் கோழிக்கு நான் என்ன கேட்டேன்?"

"இவங்க இங்க இருக்கலாமான்னு."

"ரெண்டாவதுக்கு?"

"அதையேதான்."

"மூணாவதுக்கு?"

கொலானி யோசித்தான். முணுமுணுப்புதான் நினைவுக்கு வந்தது, வார்த்தை எதுவும் வரவில்லை.

"இவங்க இருக்கணும்னு நினைக்கிற ஆள் இந்த ஊர்ல ஒருத்தராவது இருந்தா காட்டுன்னு கேட்டேன்" என்றார் லாரே.

கொலானி குனிந்து, அன்று கோழி உருண்டு வந்து நின்ற தன் காலடியைப் பார்த்தான்.